தேவையில்லாத ஆணிகள்

ரொம்ப நாளாகக் கடைப்பக்கம் வரவில்லை மக்களே. ஆபீசில் ஆணி அதிகம். அதுவும் நான் பிடுங்கினது நிஜமாகவே தேவையில்லாத ஆணிகள். அதாவது, தேவையில்லை என்று நானே முடிவு பண்ணிப் பிடுங்கினவை. நடந்து சில வருஷம் ஆகிறது. இப்போதுதான் எழுதும் தைரியம் வந்தது.

டிஸ்கி: பொட்டி தட்டும் சமாச்சாரம். தட்டாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். நிரல் வரிகளை அப்படியே ஒட்டினால் பாதிப் பேர் ஓடிவிடுவீர்கள், அதனால் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி (பெயர் வேண்டாம், சோறு போடுகிறது) விற்பது பேக்கப் எடுக்கும் மென்பொருள். அதைச் சோதிக்க ஷெல்லிலேயே எழுதின ஒரு டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் உண்டு. ஃப்ரேம்வொர்க் என்றதும் பெரிசாக நினைக்காதீர்கள். பொதுவாக ஒரே ஒரு ஃபைல். ஒவ்வொரு டெஸ்ட் ஸ்க்ரிப்டும் முதல் வரியில் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஃபைல் முழுக்க எடுபிடி ஃபங்ஷன்கள் (காதுகுத்து ஃபங்ஷன் இல்லை). 'இந்த ஃபைல் இருக்கா பாரு', 'இது ரெண்டும் ஒண்ணா பாரு', 'தற்காலிகமா ஒரு டைரக்டரி போட்டுக் குடு' என்று டெஸ்ட் எழுதுகிறவர் ஏவினால் ஓடிப்போய்ச் செய்கிற ஆட்கள்.

ஷெல்லிலா டெஸ்ட் எழுதுகிறீர்கள் என்று சிரிக்காதீர்கள். நம்மில் பாதிப் பேர் தினமும் கோடைப் போட்டு வைக்கிற கிட் இருக்கிறதே, அதன் டெஸ்ட்டுகளில் பெரும்பகுதி இன்றைக்கும் ஷெல்தான். 2005-ல் ஆரம்பித்தது. கிட்டத்தட்ட ஆயிரம் ஸ்க்ரிப்ட் இருக்கும். அங்கேயும் இதே கதைதான், பொதுவான எடுபிடி ஃபைல், எல்லோரும் அதை இழுத்துக்கொள்வார்கள். கிட்டை இந்தக் கதையில் பின்னால் இன்னொரு தடவை கூப்பிடுவேன்.

எங்கள் ஃபைலை ஆரம்பித்தவர் ஒரு பெரியவர். நான் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பதுக்கு மேல். டை கட்டமாட்டார், மீட்டிங்கில் பேசமாட்டார், ஆனால் அவர் சீட்டைத் தாண்டிப் போகும்போது டமேஜரே நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவார். அவர் ரிட்டையர் ஆகி நாகர்கோவில் பக்கம் போய்ச் செட்டில் ஆகிவிட்டார். ஃபைல் என் தலையில் விழுந்தது. விழும்போது அதில் 146 ஃபங்ஷன்கள்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். அந்த ஃபைலை முதல் தடவை மேலிருந்து கீழே படித்த அனுபவம் இருக்கிறதே, பாட்டி வீட்டுப் பரணில் ஏறினது மாதிரிதான். சோலாரிஸில் இருந்த பழைய க்ரெப்புக்கு 'சத்தம் போடாமல் தேடு' என்கிற ஆப்ஷன் கிடையாது. அதற்காக, தேடிவிட்டு வருகிற வரிகளைக் குப்பையில் கொட்டும் ஒரு ஃபங்ஷன். சோலாரிஸுக்கு நாங்கள் விற்பதை நிறுத்தியே பல வருஷம். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக் கொடுக்க ஒரு ஃபங்ஷன், ஏனென்றால் 'சீக்' என்கிற கமாண்ட் போசிக்ஸில் இல்லை, சில யூனிக்ஸ்களில் இருக்காது. (கிட்டிலும் அதே காரணத்துக்காக 'டெஸ்ட்_சீக்' என்று ஒன்று இருக்கிறது. பார்த்தபோது சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம்.) ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் மூன்று ஃபங்ஷன்கள். ஒன்று பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும், ஒன்று இல்லையென்றால் புலம்பும், ஒன்று அஞ்சு நொடி காத்திருந்து பார்க்கும். மூன்றுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

இதுதான் என்னை உறுத்தியது. பயன்படாத ஃபங்ஷன் சும்மா கிடந்தால் கம்ப்யூட்டருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நூறு வரி கூடுதலாகப் படிக்க ஷெல்லுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கஷ்டம் ஆளுக்குத்தான். புதிதாக வருகிறவர் மூன்றில் தப்பானதை எடுப்பார். எடுத்தாலும் டெஸ்ட் ஓடும். அதனால் யாருக்கும் தெரியாது.

கிட்டில் இதற்கு ஒரு அருமையான உதாரணம் உண்டு. 'இந்தப் பாதையில் ஃபைல் இருக்கிறதா' என்று பார்க்கும் ஃபங்ஷனுக்கு 2010-ல் இரண்டாவதாக ஒரு விஷயத்தையும் கொடுக்கலாம் என்று வைத்தார்கள். ஃபைல் இல்லாவிட்டால் கூடவே அச்சடிக்க ஒரு குறிப்பு, அவ்வளவுதான். நல்ல எண்ணம். ஆனால் அந்த வசதியை உருப்படியாகப் பயன்படுத்தியவர்கள் அநேகமாக அதை வைத்தவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் என்ன பண்ணினார்கள்? இரண்டு ஃபைல் பெயரைக் கொடுத்து, இரண்டையும் பார்க்கும் என்று நம்பினார்கள். அது முதலாவதை மட்டும் பார்த்தது. இரண்டாவதைக் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. டெஸ்ட் பச்சை. 2021-ல்தான் அந்த வசதியையே பிடுங்கி எறிந்தார்கள். பதினோரு வருஷம்!

ஆக, நானும் பிடுங்குவது என்று முடிவு பண்ணினேன். 2023 ஜூலை. டமேஜரிடம் சொன்னபோது "அதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார். "ஒரு வாரம்" என்றேன். "எந்தக் கஸ்டமர் கேட்டாங்க?" என்றார். பதில் சொல்லாமல் சீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

வேலை லேசு. ஃபைலில் இருக்கிற ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரையும் எடு. மொத்தக் கோடிலும் அந்தப் பெயரை முழு வார்த்தையாகத் தேடு. ஒரே ஒரு இடத்தில், அதாவது அது பிறந்த இடத்தில் மட்டும் இருந்தால், அதைக் கூப்பிட நாதியில்லை. முதல் சுற்றில் 31 சிக்கின. அவற்றைத் தூக்கினதும் இன்னும் 9 அனாதையாயின, ஏனென்றால் அவற்றைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது இந்த 31-ல் இருந்த ஆட்கள்தான். மூன்றாவது சுற்றில் 3. அதற்குப் பிறகு எண்ணிக்கை நின்றுவிட்டது. ஆனால் ஒரு ஜோடி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. 'அ' 'ஆ'-வைக் கூப்பிடும், 'ஆ' 'அ'-வைக் கூப்பிடும், வெளியிலிருந்து இரண்டையும் யாரும் கூப்பிடுவதில்லை. ஒருத்தருக்கொருத்தர் சாட்சி சொல்லிக்கொண்டு உயிரோடு இருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் மாட்டவே மாட்டார்கள். கண்ணால் பார்த்துத்தான் தூக்கினேன். ஆக மொத்தம் 45.

தூக்கும் முன்னால் ஒவ்வொன்றின் ஜாதகத்தையும் பார்த்தேன். கிட்டில் ஒரு வசதி உண்டு. ஒரு வார்த்தையைக் கொடுத்தால், வரலாற்றில் எந்தெந்த கமிட்டில் அந்த வார்த்தையின் எண்ணிக்கை கூடியது, குறைந்தது என்று காட்டும். ஒரு ஃபங்ஷனைக் கடைசியாகக் கூப்பிட்ட டெஸ்ட் எப்போது செத்தது என்று இதில் தெரிந்துவிடும். பலதும் டேப் டிரைவ் சப்போர்ட்டை நிறுத்தினபோது கூடவே செத்தவை. நான்கைந்து ஃபங்ஷன்களை யாரும் ஒருநாளும் கூப்பிட்டதே இல்லை! 'பின்னால் தேவைப்படும்' என்று எழுதி வைத்தவை. அதில் ஒன்று நான் எழுதினது, ஹி ஹி.

மூன்று ஃபங்ஷன்களுக்கு மேலே மட்டும் பெரியவர் கை கமெண்ட் இருந்தது. ஒரே வார்த்தை. தொடாதே.

நாகர்கோவிலுக்கு ஃபோன் போட்டேன்.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. தோட்டத்துல நிக்கேன். என்ன, ஏதாவது ஒடஞ்சு போச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். மூன்றின் பெயரையும் வாசித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் ஏதோ பறவை கத்தியது.

"முதல் ரெண்டும் டைமிங் சம்பந்தப்பட்டது தம்பி, லோடு அதிகமான மெசின்ல மட்டும் வேலை செய்யும். மூணாவது எதுக்குன்னு எனக்கே தெரியல்லை. தொடாதேன்னு எழுதினது வேற ஆளுக்கு இல்லை, எனக்குத்தான்."

மூன்றையும் விட்டுவிட்டேன். மற்ற 42-ம் போயின. டெஸ்ட்டை ஓட்டினேன். மூன்று ஸ்க்ரிப்ட் சிவப்பு. போய்ப் பார்த்தால், ஃபங்ஷன் பெயரை முழுசாக எழுதாமல், பாதிப் பெயரோடு ஒரு மாறியை ஒட்டிக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'சரிபார்_' என்று எழுதிவிட்டு, பின்னால் டிஸ்க் என்றோ க்ளவுட் என்றோ ஓடும்போது ஒட்டிக்கொள்ளும். முழுப் பெயர் எங்கேயும் எழுதியிருக்காது. நான் எப்படித் தேடினாலும் சிக்காது. ஓஹோ, அப்படியா சேதி என்று அந்தக் குடும்பத்தை மட்டும் திருப்பி வைத்தேன். மறுபடி ஓட்டினேன். எல்லாம் பச்சை. கமிட் பண்ணிவிட்டு, 800 வரி குறைந்தது என்று செய்தியில் பெருமையாக எழுதி, கீழே போய் ஒரு காபி குடித்தேன். அந்தக் காபி ருசியாகத்தான் இருந்தது.

இங்கே நான் நின்றிருக்க வேண்டும். பெயரை ஒட்டவைத்துக் கூப்பிடும் பழக்கம் ஒரு இடத்தில் இருந்தால் இன்னொரு இடத்திலும் இருக்குமே என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சிவப்பு வந்ததைச் சரி பண்ணினேன், பச்சை வந்தது, முடிந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் கஸ்டமர் ஒருவரின் சர்வரில் டிஸ்க் நிரம்பி பேக்கப் நின்றுவிட்டது. பழைய பேக்கப்பை நீக்கும்போது நடுவில் உருவாகிற தற்காலிக ஃபைல்களை எங்கள் மென்பொருள் அழிக்காமல் விட்டிருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மூணு வாரத்தில் மூச்சு முட்டிவிட்டது. நல்லவேளை, தரவு எதுவும் போகவில்லை. ஆனால் நாலு ராத்திரி பேக்கப் இல்லாமல் ஓடியிருக்கிறார்கள். அந்த நாலு ராத்திரியில் ஏதாவது ஒன்று ஆகியிருந்தால்... வேண்டாம்.

அழிக்கிற அந்தப் பகுதியைக் கடைசியாக மாற்றினது எங்கள் டீமில் சேர்ந்து எட்டு மாசம் ஆன ஒரு பொண்ணு. ஈரோட்டுப் பக்கம். எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடும். மீட்டிங் போட்டார்கள். பத்துப் பேர்.

"கோடை மாத்தினா டெஸ்ட் எழுதணும்னு தெரியாதா?" டமேஜர்.

"ஏற்கெனவே டெஸ்ட் இருக்குங்க சார். தற்காலிக ஃபைல் மிச்சம் இருக்கான்னு பாக்கற டெஸ்ட். ஓட்டினேன். பாஸ் ஆச்சுங்க."

"பாஸ் ஆனா எப்படிம்மா கஸ்டமர் டிஸ்க் ரொம்பும்? ஓட்டியிருக்க மாட்டே."

"ஓட்டினேங்க சார்."

"லாக் இருக்கா?"

இருந்தது. காட்டியது. பச்சை. அப்படியும் ஒருவரும் நம்பவில்லை. பழைய வெர்ஷனில் ஓட்டியிருப்பாய் என்றார் ஒருத்தர். அந்தப் பொண்ணு அழவில்லை, ஆனால் மூக்கு சிவந்துவிட்டது. நான் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்த டெஸ்ட்டின் பெயரைக் கேட்டதுமே எனக்கு வயிற்றில் ஏதோ பண்ணியது. ஜூலையில் நான் தூக்கின பட்டியலில் 'மிச்சம்_' என்று ஆரம்பிக்கும் பெயர்கள் நாலு இருந்தது நினைவுக்கு வந்தது.

மீட்டிங்கில் நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் உறுதி பண்ணிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்த டெஸ்ட்டை, ஒவ்வொரு வரியையும் காட்டிக்கொண்டே ஓடும் விதத்தில் ஓட்டினேன். நாற்பதாவது வரியில் இருந்தது. கமாண்ட் நாட் ஃபவுண்ட். அப்படி ஒரு ஆளே இல்லை என்று ஷெல் சொல்கிறது. அதற்கு அடுத்த வரியில், பாஸ்.

எப்படி? கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இதுதான் கதையின் உயிர்நாடி. ஷெல் உலகத்தில் எந்தக் கமாண்டும் முடிந்துபோகும்போது ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். 0 என்றால் வெற்றி. மற்ற எதுவானாலும் தோல்வி. கூப்பிட்ட ஆளே இல்லை என்றால் 127. 'மிச்சம்_' குடும்பத்தின் வேலை, தற்காலிக ஃபைல் மிச்சம் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1 என்று சொல்வது. டெஸ்ட்டுக்கு வேண்டியது மிச்சம் இருக்கக்கூடாது என்பது. அதனால் முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருந்தார்கள். ஆச்சரியக்குறி பதிலைத் தலைகீழாக்கும். தோல்வி வந்தால் வெற்றி, வெற்றி வந்தால் தோல்வி.

இப்போது நான் ஃபங்ஷனையே தூக்கிவிட்டேன். ஷெல் தேடியது, ஆள் இல்லை, 127. அது பூஜ்யம் இல்லை, ஆக தோல்வி. ஆச்சரியக்குறி அதைத் திருப்பியது. வெற்றி! மிச்சம் இல்லை என்று டெஸ்ட் சொல்லிவிட்டது. பார்க்கப் போன ஆளே இல்லை, ஆனால் 'பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு' என்று ரிப்போர்ட்.

ஏதாவது தப்பு நடந்தால் உடனே நின்றுவிடு என்று ஸ்க்ரிப்ட்டின் மேலேயே ஒரு கட்டளை போட்டிருந்தோமே, அது என்ன ஆனது என்று தெரிந்தவர்கள் கேட்பீர்கள். ஆச்சரியக்குறி போட்ட வரிக்கு அந்தக் கட்டளை செல்லாது. விதியே அப்படித்தான். அந்த 'ஆள் இல்லை' என்ற புலம்பல் தினம் ராத்திரி லாகில் விழுந்துகொண்டுதான் இருந்தது, பல ஆயிரம் வரிகளுக்கு நடுவில். பச்சையாக முடிந்த லாகை யார் திறந்து பார்க்கிறார்கள்?

மூன்று சிவப்பு வந்ததே, அவை நேராகக் கூப்பிட்டவை. ஆள் இல்லையென்றதும் விழுந்தன, நானும் பார்த்தேன். ஆச்சரியக்குறியோடு கூப்பிட்டவை எல்லாம் சிரித்துக்கொண்டே நின்றன. எண்ணினேன். பதினோரு டெஸ்ட்கள். பதினொன்றும் ஜூலையிலிருந்து எதையும் பார்க்கவில்லை.

ராத்திரி வீட்டுக்குப் போய் தங்கமணியிடம் சொன்னேன். பொட்டி தட்டாத ஆள், ஆனால் சட்டென்று பிடித்துக்கொண்டாள். போன வருஷம் பரணைச் சுத்தம் பண்ணும்போது, ஒரு வருஷமாக யாரும் தொடாததையெல்லாம் எடைக்குப் போடலாம் என்று நான் சொல்லி, அம்மாவின் வெண்கலப் பானையையும் கீழே இறக்கி வைத்திருந்தேன். அது அப்பா தெவசத்துக்கு மட்டும் இறங்கும் பானை. "அன்னிக்கு நான் பார்த்ததால ஆச்சு" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை.

"தூக்கம் வருமா அதுக்கு?"

எனக்கும் வரவில்லை. அப்போதே ஒரு மெயில் எழுதினேன், மீட்டிங்கில் இருந்த பத்துப் பேருக்கும். டெஸ்ட்டை அந்தப் பொண்ணு ஓட்டியது உண்மை, அது பாஸ் ஆனதும் உண்மை, பொய் சொன்னது டெஸ்ட், டெஸ்ட்டைப் பொய் சொல்ல வைத்தது ஜூலையில் நான் போட்ட கமிட். அவ்வளவுதான் எழுதினேன். அனுப்பும்போது மணி ஒன்றரை.

மறுநாள் டமேஜர் கூப்பிட்டு, "எந்தக் கஸ்டமர் கேட்டாங்கன்னு அன்னிக்கே கேட்டேனா இல்லையா?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பொண்ணு வந்து, "பரவால்லைங்கண்ணா" என்றது. மீட்டிங்கிலேயே சொல்லியிருக்கலாமே என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். திரும்பவும் இப்படி நடக்காமல் இருக்க என்ன பண்ணுவது? கிட்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று போய்ப் படித்தேன். அங்கே 'டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில்' என்று ஒரு எடுபிடி இருக்கிறது. ஒரு கிட் கமாண்ட் தோற்க வேண்டும் என்று எதிர்பார்க்கும்போது, வெறும் ஆச்சரியக்குறி போடாமல் இவரைத்தான் கூப்பிட வேண்டும். இவர் எண்ணைப் பார்ப்பார். 127 என்றால், இது தோல்வி இல்லை, ஆளே இல்லை என்று சொல்லி டெஸ்ட்டை விழவைப்பார். க்ராஷ் ஆகிச் செத்திருந்தாலும் (128-க்கு மேல் வரும்) ஏற்கமாட்டார். ஒழுங்காகத் தோற்றால்தான் தோல்வி. ஆச்சரியக்குறியை க்ரெப் மாதிரி ஊரறிந்த கமாண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நாங்களும் அதே மாதிரி ஒருவரை எழுதி, ஆச்சரியக்குறி இருந்த இடத்திலெல்லாம் அவரை உட்கார வைத்தோம். இந்தத் தடவை அந்தப் பொண்ணும் கூட உட்கார்ந்தது.

தூக்குவதற்கும் ஒரு முறை கண்டுபிடித்தோம். நேரடியாகத் தூக்காதே. உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, யாராவது கூப்பிட்டால் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு வரி மட்டும் வை. இதை நாங்கள்தான் உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்ததாகத் திரிந்துகொண்டிருந்தோம். அப்புறம் பார்த்தால் கிட்டிலும் அதே 2023 கடைசியில் பண்ணியிருக்கிறார்கள். அங்கே 'டெஸ்ட்_ஐ18என்க்ரெப்' என்று ஒரு பழைய எடுபிடி. கிட்டின் செய்திகளை மற்ற மொழிகளில் மொழிபெயர்க்க ஆரம்பித்த 2011-ல் பிறந்தது. அப்போது ஒரு வேடிக்கையான சோதனை வைத்திருந்தார்கள். எல்லாச் செய்திக்கும் பதிலாக விஷம் என்கிற மாதிரி ஒரே குப்பை வாசகத்தைப் போட்டு ஓட்டுவார்கள், மொழிபெயர்ப்பை நம்பி உடைகிற இடங்கள் அதில் தெரிந்துவிடும். அந்த ஓட்டத்தின்போது செய்தியைத் தேடிப் பார்க்காமல் விட்டுவிடுவதுதான் இந்த எடுபிடியின் விசேஷம். 2021-ல் அந்த விஷச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். விசேஷம் போனபிறகும் ஆள் மட்டும் இருந்தார். 2023-ல் கூப்பிடும் இடத்திலெல்லாம் 'டெஸ்ட்_க்ரெப்' என்று மாற்றிவிட்டு, பழைய பெயரை மட்டும் அப்படியே விட்டு, யாராவது கூப்பிட்டால் 'இதைக் கூப்பிடாதே, அதைக் கூப்பிடு' என்று கத்தும்படி வைத்தார்கள்.

எங்கள் கத்தலில் ஒரு சிக்கல் வந்தது. கத்திவிட்டு ஸ்க்ரிப்ட்டை விட்டு வெளியேறு என்று எழுதினோம். ஆனால் யாராவது அடைப்புக்குறிக்குள், அதாவது துணை ஷெல்லில், கூப்பிட்டிருந்தால் அந்தத் துணை ஷெல் மட்டும்தான் வெளியேறும். வெளியே இருக்கிற ஸ்க்ரிப்ட்டுக்குத் தெரிவது ஒரு தோல்வி எண்தான். அதற்கு முன்னால் ஆச்சரியக்குறி இருந்தால்? மறுபடி பழைய கதை. அந்தப் பொண்ணுதான் கண்டுபிடித்தது. கத்துவதோடு நிற்காமல் ஒரு ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும், மொத்த ஓட்டமும் முடிந்தபிறகு அந்த ஃபைல் இருந்தால் எல்லாமே சிவப்பு என்று வைத்துவிடலாம் என்றது. வைத்தோம். தினசரி ஓட்டம், சனிக்கிழமை ஓட்டம், மூணு மாசத்துக்கொரு முறை நடக்கிற பெரிய ஓட்டம் எல்லாம் ஒரு சுற்று முடிந்து கையெழுத்து விழாவிட்டால்தான் ஃபங்ஷன் போகும். அந்தப் பெரிய ஓட்டத்துக்கு டீமில் தெவசம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வாயை விட்டதன் பலன்.

இதெல்லாம் முடிந்தபிறகு பெரியவருக்கு மறுபடி ஃபோன் போட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழுசாகக் கேட்டார்.

"மிச்சம் ஃபங்ஷன்களா? அதுக்கு மேல எழுதி வச்சிருந்தேனே தம்பி."

"என்ன சார்?"

"ஆச்சரியக்குறி போட்டுக் கூப்பிடாதே, 127-ஐப் பாருன்னு."

தேடிப் பார்த்தேன். இருந்தது. நாலு வரி கமெண்ட், தேதியோடு. ஃபங்ஷனோடு சேர்த்து நான் அழித்த 800 வரியில் அதுவும் ஒன்று. எனக்கு முன்னாலும் யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது, பதினோரு இடத்திலும் ஆச்சரியக்குறிதான் போட்டிருந்தார்கள். அதில் இரண்டு இடம் பெரியவரே எழுதினது. அதை அவரிடம் சொல்லவில்லை.

'தொடாதே' மூன்றும் இன்னும் ஃபைலில் இருக்கின்றன. போன வாரம் அந்தப் பொண்ணு (இப்போது டீமில் சீனியர்) மூன்றாவதைத் தூக்கலாம் என்று ஒரு மாற்றம் அனுப்பியிருக்கிறது. இரண்டு தெவசம் முடிந்துவிட்டதாம், ஒரு கையெழுத்துகூட விழவில்லையாம். நான்தான் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். நாலு நாளாகத் திறந்து வைத்திருக்கிறேன். இன்னிக்குக் காலையில் "அண்ணா, பாத்தீங்களா?" என்று கேட்டது.

பார்த்துட்டே இருக்கேன்மா என்றேன்.